மையத்துச் சுமந்த ஏணி

வரிப்பத்தான்சேனை வயல்களில் நெல் ஏற்றிக்கொண்டு வந்த லொறி, அப்துல் ஸமட் ஹாஜியாரின் அரிசி மில்லுக்குள் பின்பக்கமாக நுழைந்து நின்றது. றமழான் மாதத்துப் பின்னேரம், அசர் தொழுகை நேரம். மூடைகளின் மேல் உட்கார்ந்து வந்த, சுமை தூக்கும் நாட்டாமைமார் எழும்பிச் சாரனை மடித்துக் கட்டினார்கள். காலையிலிருந்து மூடை தூக்கிய உடம்புகளில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. வெயில் மட்டும் யார் நோன்பு, யார் நோன்பில்லை என்று பார்க்காமல் எரித்துக்கொண்டிருந்தது.

முதலில் அபூசாலி குதித்தான். வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டாலும் அவன் குதிப்பதில் ஓர் எடுப்பு இருந்தது. இடது கையால் பக்கத்துக் கம்பியைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழன்று, சீமெந்துத் தரையில் இரண்டு கால்களையும் ஒன்றாக ஊன்றி நிற்பான். "காக்கா குதிக்கிறதப் பாத்தா சேர்க்கஸ்காரன் தோத்துப்போவான்" என்று, அவனை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடும் சாரதி றஸாக் சொல்லிச் சிரிப்பான். அபூசாலியும் சிரிப்பான். சிரித்து முடிந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்தபடியே நிற்பான். அதை யாரும் கவனிப்பதில்லை. கவனித்தவர்களும் அதைப்பற்றிக் கதைப்பதில்லை.

இந்தப் பக்கத்துப் பள்ளிவாசல்களுக்குப் போய்ப் பாருங்கள். தரையில் குனிய முடியாமல் கதிரையில் உட்கார்ந்து தொழுகிறவர்களில் நரைத்த தாடிக்காரர்களுக்குப் பக்கத்தில் தாடி நரைக்காதவர்களும் இருப்பார்கள். அவர்கள் நாட்டாமைமார். முழங்கால் மடங்காது, குதிக்கால் ஊன்ற முடியாது. கேட்டால் "வாதம்" என்பார்கள், "மூடை தூக்கின உடம்பு" என்பார்கள். மூடையை இறக்கிய பிறகு தன்னைத் தானே இறக்கிக்கொள்ளும் அந்த ஒரு நொடியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆள் உயரத்தில் முக்கால்வாசி இருக்கும் லொறித் தட்டிலிருந்து, ஒரு நாளைக்குப் பல தடவை, வருடக்கணக்காகக் குதித்தால் எந்த மூட்டுத்தான் தாங்கும்?

ஹாஜியாருக்கு இரண்டு லொறிகள். இந்த லொறியில் பின்பலகைக்குக் கீழே இரண்டு இரும்புக் கொளுக்கிகள் இருந்தன. ஒரு காலத்தில் அவற்றில் ஏணி ஒன்று மாட்டியிருந்தது. முதிரை மரத்தில் செய்த நல்ல ஏணி. இப்போது கொளுக்கிகள் மட்டும் வெறுமனே நீட்டிக்கொண்டு நின்றன. ஏணி எங்கே போனது என்பது மில்லில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் ஒருவரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமை, இறந்தவர்களின் மையத்தைச் சுமக்கும் சந்தூக்குகள் எந்தப் பள்ளிவாசலிலும் போதவில்லை. கழன்ற கதவு, பாய், படங்கு என்று கையில் கிடைத்ததில் எல்லாம் சனங்கள் மையத்துகளைச் சுமந்தார்கள். மில் லொறியின் ஏணியையும் கழற்றி எடுத்தார்கள். அபூசாலியின் மகள் ஜெஸீமா அந்த ஏணியில்தான் அடக்கத்துக்காக மையவாடிக்குப் போனாள். நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. முன்பக்கத்தை அபூசாலி பிடித்தான். பின்பக்கத்தை அவனோடு மூடை தூக்கும் மீராசா பிடித்தான். வழி நெடுகப் பிள்ளையின் தலை ஆடாமல் இருக்க வேண்டும் என்று மீராசா முழங்காலை மடித்து மடித்து நடந்து வந்ததை, திரும்பித் திரும்பிப் பார்த்த அபூசாலி பிறகும் மறக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து அபூசாலி வேலைக்கு வந்தான். அதற்குள் யாரோ ஏணியைக் கழுவித் திரும்பவும் லொறியில் மாட்டியிருந்தார்கள். மூடையெல்லாம் இறக்கி முடிந்ததும் இறங்குவதற்காகக் காலைத் தூக்கிய அபூசாலி, கீழே ஏணியைக் கண்டான். தூக்கிய கால் இறங்கவில்லை. பின்பலகையில் உட்கார்ந்துகொண்டு குழந்தைப்பிள்ளை போல அழுதான். மீராசாவுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஏணியைக் கழற்றி ஒரு பக்கம் எறிந்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்தான்.

"குதிங்க காக்கா. நான் புடிக்கிறன்."

அபூசாலி குதித்தான். மீராசா பிடித்தான். அன்றிலிருந்து அந்த லொறியில் எல்லோரும் குதிப்பதுதான் வழக்கம்.

"மையத்துச் சுமந்த ஏணியில கால் வெக்கிறது சரியில்ல. அத மேல பரண்ல போடுங்க" என்றார் ஹாஜியார். அப்படி ஒரு சட்டம் மார்க்கத்தில் இல்லை. ஆனாலும் மனிதர்களின் மனது சட்டம் பார்ப்பதில்லை, எல்லோரும் தலையாட்டினார்கள். புதிதாக ஒன்று செய்வோமா என்று றஸாக் ஒரு நாள் கேட்டான். "புது ஏணியக் கண்டாலும் அபூசாலிக்குப் பழசுதான் ஞாபகம் வரும். பாவம், உடு" என்றார் ஹாஜியார். அது இரக்கமா, இல்லை ஒரு தச்சனைக் கூப்பிடுகிற அலுப்பா என்பது அல்லாஹ்வுக்கு வெளிச்சம். இரக்கம் என்று பெயர் வைத்துவிட்டால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

யுத்த காலத்தில் ஏணி இல்லாதது பெரிய குறையாகவும் தெரியவில்லை. சோதனைச் சாவடிக்குச் சாவடி லொறியை மறித்து இறங்கச் சொல்வார்கள். துவக்கை நீட்டிக்கொண்டு நிற்கிற ஆமிக்காரனுக்கு முன்னால் ஏணி வைத்து ஆறுதலாக இறங்கிக்கொண்டிருக்க முடியுமா? சொன்னவுடன் தொப்புத் தொப்பென்று குதித்தார்கள். மெதுவாக இறங்குகிறவனுக்கு அடி விழுந்த காலமும் இருந்தது. இந்த வருடம் சண்டை முடிந்துவிட்டது. சாவடிகளில் கெடுபிடியும் குறைந்துவிட்டது. ஆனால் குதிக்கிற பழக்கத்துக்கு மட்டும் சண்டை முடிந்த செய்தி போய்ச் சேரவில்லை.

அன்று மூடை இறக்கி முடிய நோன்பு துறக்கும் நேரம் நெருங்கிவிட்டது. மற்றவர்கள் எல்லோரும் கீழே குதித்துக் கைகால் கழுவப் போய்விட்டார்கள். மீராசா மட்டும் தட்டில் சிந்திக் கிடந்த நெல்லைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தான். பள்ளிவாசலில் கஞ்சி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டும் என்று காலையிலேயே சொல்லியிருந்தான். அவன் மனைவி றுஸ்தா மாசமாக இருந்தாள். அந்தக் கஞ்சி என்றால் அவளுக்கு உயிர்.

"கெதியாக் குதி தம்பி, பாங்கு சொல்லப்போறாங்க" என்று அபூசாலிதான் கீழே இருந்து குரல் கொடுத்தான்.

"இந்தா வந்திட்டன் காக்கா" என்று சொல்லிக்கொண்டே மீராசா குதித்தான்.

குதித்த வேகத்தில் அவனுடைய சாரனின் கரை, வெறுமனே நீட்டிக்கொண்டிருந்த அந்த இரும்புக் கொளுக்கியில் மாட்டியது. கால் இரண்டும் மேலே நின்றுவிட, உடம்பு முறுகி மல்லாக்கச் சரிந்தது. சாரன் கிழிந்தது. லொறியை ஒட்டியிருந்த, மூடை அடுக்குகிற சீமெந்துக் கட்டின் விளிம்பில் முதுகு போய் அடித்த சத்தம், குழாயடியில் நின்றவர்களுக்கும் கேட்டது.

மீராசா கத்தவில்லை. வானத்தைப் பார்த்தபடி கிடந்தான். அபூசாலி ஓடிப்போய்ப் பக்கத்தில் குந்தியதும் மெதுவாகக் கேட்டான்.

"காக்கா, என்ட கால் எங்க?"

கால்கள் அங்கேதான் இருந்தன. அபூசாலி தொட்டுக் காட்டினான். தொட்டது மீராசாவுக்குத் தெரியவில்லை.

றஸாக் பதறிக்கொண்டு வந்தான். "ஆரும் மடக்காதீங்க! முதுகுல அடிபட்டிரிக்கி. நீட்டமா ஒண்டுல கிடத்தித்தான் தூக்கணும். பரண்ல கிடக்கிற அந்த ஏணிய எடுங்க. அதுல பலகயப் போட்டுக் கிடத்தி லொறியிலயே கொண்டுபோவம்."

ஏணி என்ற சொல் விழுந்ததும் எல்லோரும் அபூசாலியைப் பார்த்தார்கள். அபூசாலியின் முகம் செத்துப்போயிருந்தது.

"அத எடுக்காதீங்க!" என்று கத்தினான். "மையத்து ஏணிடா அது! உசிரோட இரிக்கிறவன அதுல கிடத்துறதா? என்ட புள்ள அதுல போய்த் திரும்பி வரல்ல. மீராசாவயும் அனுப்பப் பாக்கீங்களா?"

"காக்கா, இப்ப அதயெல்லாம் பாக்கிற நேரமா?" என்றான் றஸாக்.

"வேணாம் எண்டு சொன்னா வேணாம்!"

பிள்ளையைப் பறிகொடுத்தவனோடு யார் மல்லுக்கட்டுவது? ஒருவன் மீராசாவின் அக்குளைப் பிடித்தான், ஒருவன் காலைப் பிடித்தான். ரோட்டில் போன ஓட்டோவை மறித்து, முன்சீற்றுக்கும் பின்சீற்றுக்கும் நடுவில் மடக்கி இருத்தினார்கள். அப்போதுதான் மீராசா முதல்தடவையாக அலறினான். அந்த அலறலோடு சேர்ந்து மஃரிப் பாங்கு ஒலித்தது. அபூசாலி அவனைத் தன்மேல் சாய்த்துப் பிடித்து உதட்டில் தண்ணீரைத் தொட்டு வைத்தான். அன்றைய நோன்பை மீராசா அந்த ஈரத்தில்தான் துறந்தான்.

ஆஸ்பத்திரியில் பரிசோதித்துவிட்டு வெளியே வந்த டொக்டர், வாசலில் நின்ற அபூசாலியைக் கூப்பிட்டார்.

"எதில கொண்டுவந்தீங்க?"

"ஓட்டோவுல, டொக்டர்."

"இருத்தியா கொண்டுவந்தீங்க?"

அபூசாலி தலையாட்டினான். டொக்டர் ஏசவில்லை. மெதுவாகச் சொன்னார். "முள்ளந்தண்டு உடைஞ்சிருக்கு. விழுந்ததில எவ்வளவு சேதம், தூக்கினதில எவ்வளவு சேதம் எண்டு எனக்குச் சொல்லேலாது. ஆனா முதுகு உடைஞ்ச ஆள மடக்கவே கூடாது. கதவோ, பலகையோ, ஏணியோ, ஏதாவது ஒண்டில நேராக் கிடத்தி, ஆட்டாமக் கொண்டுவரவேணும்."

போகப்போனவர் திரும்பி இன்னொன்றையும் கேட்டார். "அது சரி, அந்த லொறியில இறங்கிறதுக்கு ஏணி ஒண்டும் இல்லையா?"

அபூசாலி தன் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இருந்தது.

மீராசாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பெருநாள் வந்தது, போனது. ஹாஜியார் மீராசாவின் வீட்டுக்கு அரிசியும் துணிமணியும் அனுப்பினார். "எல்லாம் அவன்ட நஸீபு. அல்லாஹ்ட நாட்டத்த நாம மாத்த ஏலுமா?" என்று மில்லில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார். பின்பலகையின் கொளுக்கிகள் அப்படியே இருந்தன. அவற்றைத் தட்டி மடக்கவேண்டும் என்றுகூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

மீராசாவின் இடத்துக்கு றுமைஸ் என்று ஒரு புது ஆள் வந்தான். வலுவான உடம்பு, போன வருடம் கல்யாணம் முடித்தவன். முதல் நாள் தட்டின் ஓரத்தில் நின்று கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "இறங்க ஏணி ஒண்டும் இல்லையா?" என்று கேட்டான். பக்கத்தில் நின்றவன் அவன் தொடையில் கிள்ளி, கண்ணால் அபூசாலியைக் காட்டினான். றுமைஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் குதித்தான். அபூசாலிக்கு அந்தக் கிள்ளு தெரிந்தது. இத்தனை வருடமாக எத்தனை பேரை இப்படிக் கிள்ளியிருப்பார்கள் என்று அன்றுதான் நினைத்தான்.

மீராசா வீட்டுக்கு வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டும் பல நாளாக அபூசாலி போகவில்லை. போவதற்கு முகமில்லை. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு போனான்.

சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த சின்ன வீடு. முன்னறையில் கட்டிலில் மீராசா கிடந்தான். மூடைக்கு மேல் மூடை ஏற்றிய தோள்கள் வற்றிப்போயிருந்தன. இடுப்புக்குக் கீழே போர்வை அசையவே இல்லை. நிறைமாத வயிற்றோடு றுஸ்தா அவனை ஒரு பக்கமாகப் புரட்டி முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். புண்ணின் வாடை அறை முழுக்க நின்றது. அவள் தனியாகப் புரட்டுகிறாளே என்று அபூசாலி ஓடிப்போய் ஒரு கை கொடுத்தான்.

"வாங்க காக்கா" என்றான் மீராசா. அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அபூசாலிக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

"தம்பி, அண்டைக்கு றஸாக் சொன்னதக் கேட்டிருந்தா..." அபூசாலி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "நான்தான் வேணாம் எண்டன். நான்தான் உன்ன மடக்கிப்போட்டன்."

"நீங்க என்ன செய்வீங்க காக்கா? லொறியால ஏணியக் கழட்டி எறிஞ்சது நான்தானே. உங்கட கண்ணுல தண்ணியக் காணேலாமத்தான் எறிஞ்ச. அந்தக் கொளுக்கியே என்ட சாரனப் புடிக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்?"

அப்போது றுஸ்தா மருந்துச் சட்டியைக் கீழே வைத்தாள். சத்தம் போட்டுப் பேசுகிற பெண் அல்ல அவள். அன்றும் சத்தம் போடவில்லை.

"காக்கா, ஜெஸீமா எனக்கும் புள்ள மாதிரித்தான். அவட மையத்துக்கு எல்லாரும் பாவம் பாத்தீங்க. இவர் பாவம் பாத்தார், ஹாஜியார் பாவம் பாத்தார், மில்லுல உள்ள எல்லாரும் பாவம் பாத்தாங்க. உசிரோட லொறியால இறங்கின மனிசனுக்கு மட்டும் ஒருத்தரும் பாவம் பாக்கல்லயே காக்கா. வகுத்துல இரிக்கிற இந்தப் புள்ளயத் தூக்கிக்கொண்டு இவர் எப்ப நடக்கப்போறார்?"

மீராசா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அபூசாலி ஸலாம் சொல்லி வெளியே வந்தான்.

மறுநாள் லொறி நெல்லோடு வந்து வழக்கமான இடத்தில் நின்றது. மூடை இறக்கி முடிந்ததும் றுமைஸ் தட்டின் ஓரத்துக்கு வந்து சாரனை மடித்துக் கட்டினான்.

"குதிக்காத!" என்று ஒரு சத்தம் கேட்டது. "அப்பிடியே நில்லு!"

அபூசாலி பரணுக்கு ஏறிக்கொண்டிருந்தான். மேலே தூசும் உமியும் கொட்டும் சத்தம். பிறகு ஏணி மெதுவாகக் கீழே இறங்கியது. அதைத் தோளில் சுமந்து குழாயடிக்குக் கொண்டுபோய், தேங்காய்த் தும்பால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். ஆடிய படிகளுக்கு ஆணி அடித்தான். ஒருவரும் கிட்டப் போகவில்லை. ஹாஜியார் கந்தோர் மேசையிலிருந்து எழுந்து வந்தார்.

"அபூசாலி, என்னடா இது? அத வெளிய எடுக்கவேணாம் எண்டு சொன்ன நானெல்லா? உன்ட மனசு தாங்காது."

"என்ட மனசு தாங்கும் ஹாஜியார்" என்றான் அபூசாலி. "மீராசாட முதுகுதான் தாங்கல்ல."

ஹாஜியார் ஓர் அடி பின்னால் நகர்ந்து வழி விட்டார்.

அபூசாலி ஏணியைக் கொளுக்கிகளில் மாட்டி ஆட்டிப் பார்த்தான். பக்கக் கம்பியைப் பிடித்துத் தட்டில் ஏறினான். பிறகு முகத்தை லொறிப்பக்கம் திருப்பி, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, வலது காலைக் கீழே விட்டான். மேல்படி. ஜெஸீமாவின் தலை கிடந்த இடம். இந்தத் தடவை அவன் காலை மேலே இழுக்கவில்லை. ஒவ்வொரு படியாக, அழுது அழுது இறங்கினான். அவன் அழுவதைப் பார்த்தும் இன்றைக்கு ஒருவரும் ஏணியைக் கழற்ற வரவில்லை.

தரையில் கால் வைத்ததும் சாரன் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினான்.

"ஹாஜியார், மற்ற லொறிக்கும் இப்பிடி ஒண்டு செய்யணும்."

ஹாஜியார் ஏணியையே பார்த்துக்கொண்டு நின்றார். "றஸாக், நாளைக்குத் தச்சன வரச் சொல்லு" என்றார். நஸீபு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

றுமைஸ் இன்னும் மேலேயே நின்றான். கால் வைக்கலாமா, கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை. அபூசாலி ஏணியின் இரண்டு கால்களையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தான்.

"இறங்கு தம்பி, பயப்புடாத. முகத்த லொறிப்பக்கம் வெச்சி, ரெண்டு கையாலயும் புடிச்சி இறங்கு. மவுத்தானவங்களுக்கு நாம துஆச் செய்வம், அது அவங்களுக்குப் போதும். ஏணி உசிரோட இரிக்கிறவனுக்குத்தான் வேணும். இத விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு மனிசன்ட ரெண்டு காலும் போகவேண்டியிரிந்த. இனி ஆருக்கும் அப்பிடி விளங்க வேணாம்."

றுமைஸ் முகத்தை லொறிப்பக்கம் திருப்பி, மேல்படியில் காலை வைத்தான்.